ஆறாவது சுற்றுக்குள்

அறுநூறு பேசோ கட்டினேன்,
ஆறாவது சுற்றுக்குள் அவன் விழுவான் என்று.
கூலர் வாங்க வைத்திருந்த பணம்.
மெஹிகாலியில் ஜூன் மாதம்
கூலர் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று
சொல்லிப் புரியவைக்க முடியாது.
குழாய்த் தண்ணீரில் காபி கலக்கலாம்.

எங்கள் ஊர்க்காரன்தான் அவன்.
நாசாரியோ வெர்துகோ,
பழைய பருத்தி ஆலைக்குப் பின்தெரு.
ஊரே ஒருவன்மீது கட்டும்போது
எதிர்ப்பக்கம் கட்டுகிறவனுக்குத்தான் லாபம்.
ஃபெர்மின் நோட்டுகளை எண்ணிவிட்டு
என்னை ஒரு பார்வை பார்த்தான்.
கணக்கு கணக்குதான் என்றேன்.

டெட்ராய்ட்டிலிருந்து வந்த கோர்ட்னி பாஸ்கோம்
நல்ல ஆட்டக்காரன்,
அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.
நீண்ட இடது கையால்
பூட்டிய வீட்டைத் தட்டுகிறவன்போல்
தட்டிக்கொண்டே இருந்தான்.
நாசாரியோவின் முகம்தான் கதவு.

நான்காவதில் புருவம் கிழிந்தது.
ஐந்தாவதில் ஒரு முழங்கால் தரையைத் தொட்டது.
நான் எழுந்து நின்றுவிட்டேன்;
என் காதுக்குள் கூலர் ஓடத் தொடங்கியிருந்தது.
நடுவர் எட்டு வரை எண்ணினார்.
வாசலில் நிற்கும் கடன்காரர் பேச்சைக் கேட்பதுபோல்
தலை குனிந்து, எதிர்த்துப் பேசாமல்,
எட்டையும் கேட்டுக்கொண்டான்.
பிறகு எழுந்தான்.

ஆறாவது சுற்று.
பின்வாங்கியிருக்கலாம்.
கட்டிப்பிடித்து நேரம் கடத்தியிருக்கலாம்.
விதியில் அதற்கெல்லாம் இடம் இருக்கிறது.
அவனோ அடி வருகிற திசைக்கே நடந்தான்.
இடது கையை வளைத்து ஈரலுக்கு ஒன்று கொடுக்க
முகத்தில் மூன்று வாங்கினான்,
சில்லறை பார்த்து வாங்கத் தெரியாதவன்போல.
ஒரு கண் மூடிவிட்டது.
மறு கண் யோசித்துக்கொண்டிருந்தது.

மணியடிக்க இருபது நொடி.
கயிற்றில் சாய்ந்தபடி சரிந்துகொண்டிருந்தான்.
இன்னும் ஒரு அடி.
ஒரே ஒரு அடி, என் அறுநூறு
இரண்டாயிரத்து நானூறாகிவிடும்.
அப்போது யாரோ கத்தினார்கள்:
விழாதே நாசாரியோ, விழாதே, விழாதே என்று,
தொண்டை கிழிய.
பக்கத்து இருக்கைப் பெரியவர்
எனக்குத் தண்ணீர் நீட்டினார்.

மணியடித்தது.

பன்னிரண்டு சுற்றும் நின்றான்.
புள்ளியில் தோற்றான்.
அவன்மீது கட்டியவர்களும் தோற்றார்கள்,
எதிராகக் கட்டிய நானும் தோற்றேன்.
ஃபெர்மின் மட்டும் வென்றான்,
அவன் முகத்திலும் அன்று சந்தோஷம் இல்லை.
தோற்றவர்கள் எல்லாரும் எழுந்து நின்று
கை வலிக்கும்வரை தட்டினோம்.
பாஸ்கோம்கூட, பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு,
தட்டினான்.

அந்தக் கோடை முழுக்க மொட்டைமாடியில்
ஈரப் போர்வைக்குள் படுத்துக் கிடந்தோம்.
விழுந்திருந்தால்? என்றாள் ஓபெலியா.
குளிர்ந்த அறையில் தூங்கியிருப்போம்.
முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தாள்.
வெகுநேரம் கழித்து
இருட்டிலிருந்து அவள் குரல் வந்தது:
முழங்கால் தொட்டதே, அந்த இடத்தை
இன்னொரு முறை சொல்லு.

இப்போது நான் பேருந்து ஓட்டுகிறேன்.
காலை ஐந்து பத்துக்கு,
கிடங்கில் இரவுக் காவல் முடித்து
நாசாரியோ ஏறுவான்.
விரல்கள் சரியாக மடங்காது.
காசை எண்ணி முடிக்க நேரமாகும்.
வண்டி கிளம்பாது.
வேலைக்குத் தாமதமாகும் பெண்கள்,
அந்தச் சண்டையின்போது பிறந்தேயிராதவர்கள்,
ஒருத்திகூட உச்சுக்கொட்டியதில்லை.
யார் சொன்னார்களோ அவர்களுக்கு.

போன செவ்வாய்க்கிழமை
வேறு பயணி இல்லை. சொல்லிவிட்டேன்.
உங்களுக்கு எதிராகக் கட்டினேன், ஐயா.
எண்ணுவதை நிறுத்தாமல் கேட்டான்:
எந்தச் சுற்று?
ஆறு.
கடைசிக் காசை வைத்தான்.
அந்த மறு கண்ணால் என்னைப் பார்த்தான்.

நானாக இருந்தாலும்
ஆறில்தான் கட்டியிருப்பேன்.

பச்சை விளக்கு விழுந்து வெகுநேரமாகியிருந்தது.
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.